மூன்றடி தள்ளி நின்ற கோழி டாக்டர்

கோழியின் அலகைப் பிரித்து, வாய்க்குள் மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ, எனக்குத் தெரியாது, நான் பார்த்திருக்கிறேன். நல்ல கோழியின் வாயில் நனைந்த கம்பின் வாசம் இருக்கும், கொஞ்சம் மண்ணும் கலந்திருக்கும், மழை பெய்து ஓய்ந்த களத்தைக் கைப்பிடி அளவுக்குச் சுருக்கி உள்ளே வைத்தது போல. கழிச்சல் சீக்கு கண்ட கோழியின் வாயில் கோழை நூல் நூலாகத் தொங்கும். அதன் வாடையைத் தேடிப் போகவேண்டியதில்லை, அதுவே நம்மைத் தேடி வரும். மூன்றாவதாக ஒரு வாடை உண்டு. மூடிவைத்து மறந்துபோன கேழ்வரகுக் கூழை நாலாம் நாள் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தப் புளிப்பு. அந்த மூன்றாவது வாடையை, பதினோரு வயதில், ஒரு பங்குனி மாதத்தில், நான் ஒரு வாரம் தாமதமாகக் கண்டுபிடித்தேன். தாமதத்துக்குக் காரணம் இருந்தது. அந்த மாதத்தில் எங்கள் தெருவில் எல்லாமே புளித்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. கம்பைநல்லூரின் ஓரத்தில் ஒரு புளி மண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பதினான்கு வீடுகள் நின்றன, அதுதான் எங்கள் தெரு. மாசி பிறந்ததும் வத்தல்மலைப் பக்கமிருந்தும் அரூர்ப் பக்கமிருந்தும் மூட்டை மூட்டையாகப் புளி வந்து இறங்கும். பெண்கள் ஆளுக்கொரு மூட்டையை வாங்கிவந்து வாசலில் கொட்டி, ஓட்டை உரித்து, கல்லின்மேல் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டிக் கொட்டையைத் தெறிக்கவிட்டு, சதைக்குள் நரம்பு போல ஓடும் நாரை உருவி ஒதுக்கி, சுத்தமான புளியை உருட்டி மண்டிக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை தெரு முழுக்க ‘டொக்கு டொக்கு’தான். எங்கள் தலைமுடி புளித்தது, பள்ளிக்கூடப் புத்தகத்தின் ஓரம் புளித்தது, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நற்கருணைக்கு நாக்கை நீட்டினால் அந்த அப்பமும் லேசாகப் புளித்தது. அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார், மாதத்துக்கொரு தடவை வருவார். அம்மா புளி தட்டினாள். நான் கோழி வளர்த்தேன்.

வளர்த்தேன் என்பது சின்ன வார்த்தை. அந்தத் தெருவின் கோழிகளுக்கு நான்தான் டாக்டர் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது, கொஞ்ச நாளில் தெருவுக்கும் தெரிந்துவிட்டது. அது எப்படி வந்தது என்பதைச் சொல்ல அதற்கு முந்தின வருஷத்துக்குப் போகவேண்டும்.

முந்தின வருஷம் கோடையில் கழிச்சல் வந்தது. எங்கள் வீட்டில் ஏழு கோழிகள். முதல் நாள் இரண்டு கோழிகள் போர்வையைப் போர்த்திக்கொண்டது மாதிரி சிறகைத் தொங்கவிட்டுக்கொண்டு மூலையில் ‘குந்திக்கிச்சு’. இரண்டாம் நாள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தன. மூன்றாம் நாள் ஒன்று தலையைத் திருகிக்கொண்டு வானத்தைப் பார்த்தது, அப்படியே பார்த்துக்கொண்டே இருந்தது, பிறகு பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது: சீக்கு வந்தால் மீதி இருக்கும் நல்ல கோழிகளை ‘ஊர் மாத்துவாங்க’. கூடையில் போட்டு, துணியால் மூடி, சீக்கு இல்லாத ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, காற்று மாறியதும் திரும்பக் கூட்டிவருவது. அம்மாவும் அதைத்தான் செய்தாள். நன்றாக இருந்த மூன்று கோழிகளைக் கூடையில் வைத்துப் பஸ் ஏறி அத்தை வீட்டில் விட்டுவந்தாள். ஐந்தாம் நாள் அத்தை வீட்டுக் கோழிகள் பதினொன்றும் போயின, எங்கள் மூன்றும் சேர்ந்து போயின. கூடையில் கோழிகளோடு சீக்கையும் அனுப்பியிருக்கிறோம் என்பது அம்மாவுக்கு அப்போது தெரியாது. அத்தை கிறிஸ்துமஸ் வரைக்கும் எங்களோடு பேசவில்லை.

வீட்டில் மிஞ்சிய கடைசிக் கோழியை நான் ஒரு ஓலைக்கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தேன். டாக்டர் ஒரு எருமையின் வயிற்றுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார், கூடைக்குள் ஒரு பார்வை பார்த்தார், எருமையை விட்டு நகராமல் சொன்னார்: “கழிச்சலுக்கு மருந்து கிடையாது. வராத கோழிக்குத்தான் ஊசி. வந்த கோழியைத் தொட்டுட்டு இன்னொரு கோழிகிட்டப் போகாதே, அறுத்துப் புதைச்சிரு.” அவ்வளவுதான். அவருக்கு அது ஒரு நிமிஷப் பேச்சு. எனக்கு அது சட்டப் புத்தகம். வரும் வழியெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன், வீடு வந்து சேர்வதற்குள் அது வளர்ந்துவிட்டது. ஊர் மாற்றக்கூடாது. ஓடையில் வீசக்கூடாது. சமைக்கக்கூடாது. தொடக்கூடாது. இரண்டு நாள் குந்தின கோழியை மூன்றாம் நாள் பார்க்கவிடாமல் அறுத்து, முழங்கால் ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவேண்டும். பாதிக்கு மேல் நானாகச் சேர்த்தவை.

எங்கள் கோழிகள் செத்துப்போகுமுன் இட்ட முட்டைகள் ஐந்து, அம்மாவின் சோளப்பானைக்குள் இருந்தன. அடைக்கு உட்காரக் கோழி இல்லை. பக்கத்து வீட்டு முனிக்காவிடம் ஒன்று இருந்தது. முனியம்மா என்று பெயர், முப்பது வயது இருக்கும், புளி தட்டும் கை நிற்காமலே தெருவில் போகிற வருகிற எல்லோருக்கும் ஒரு பேச்சு வைத்திருப்பாள். அவளுடைய வெள்ளைக் கோழிக்கும் அந்த வருஷம் கழிச்சல் வந்தது. நாலு நாள் சாகக் கிடந்து, ஐந்தாம் நாள் எழுந்து தண்ணி குடித்தது. பிழைத்த பிறகு கழுத்தில் ஒரு சின்னச் சாய்வு மட்டும் நின்றுவிட்டது, எதையும் சந்தேகமாகப் பார்ப்பது போல. வெள்ளச்சி என்று பெயர். முனிக்கா அவளை எங்கள் முட்டைகளின் மேல் உட்காரவைத்தாள். ஐந்தில் ஒன்றுதான் பொரித்தது. அந்த ஒன்றுதான் செவலை.

செவலையை எப்படிச் சொல்வது? செம்மண் நிறம், கழுத்தில் மட்டும் வெயில் பட்டால் செம்புப் பாத்திரம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனை வரைக்கும் ஓடிவரும், ஓடுவது என்றால் கோழி ஓட்டம் இல்லை, புடவை தடுக்கும் பொம்பளை பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது போல. என் மடியில் ஏறி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் என் வாய்ப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். தை மாதம் முதல் முட்டை இட்டது. அதை அம்மா அவிக்கவில்லை, நான் அவிக்கவிடவில்லை.

அடுத்த பங்குனியில் மறுபடி கழிச்சல் வரும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஊசி ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைதான் போடுவார்கள். பதினான்கு வீட்டுக் கோழிகளையும் அங்கே தூக்கிப்போவது நடக்காது, மருந்தைத் தெருவுக்குக் கொண்டுவரலாம் என்றால் வழியில் சூடாகிவிட்டால் அது வெறும் தண்ணி. நான் குச்சி ஐஸ்காரரைப் பிடித்தேன். அவருடைய சைக்கிள் பெட்டியில், சேமியா ஐஸுக்கும் பால் ஐஸுக்கும் நடுவில் கோழி மருந்துப் புட்டி ஒன்று மாட்டாஸ்பத்திரியிலிருந்து எங்கள் தெருவுக்கு வந்தது, கூடவே ஆஸ்பத்திரி உதவியாளரும் இன்னொரு சைக்கிளில் வந்தார். விடிகாலையில், கூடைகளைக் கவிழ்த்து வைத்திருக்கும்போதே, வீடு வீடாக இறக்கைக்கு அடியில் ஊசி போட்டார். நான் முன்னால் நடந்தேன். அன்றைக்குத்தான் முனிக்கா என்னை முதன்முதலாக ‘டாக்டரம்மா’ என்று கூப்பிட்டாள். நக்கல்தான். எனக்கு அது நக்கலாகவே படவில்லை.

ஊசி போட்டு ஒரு வாரத்தில் கழிச்சல் வந்தேவிட்டது. ஊசிக்கு முன்னாலேயே உள்ளே புகுந்திருந்ததோ என்னவோ, தெருவின் கீழ்க்கோடியில் மூன்று வீட்டுக் கோழிகள் குந்தின. தெரு என்னைக் கூப்பிட்டது. நான் போனேன். வேலிக்கு இந்தப் பக்கம் மூன்றடி தள்ளி நின்றுகொண்டு பார்ப்பேன். பக்கத்தில் போகமாட்டேன், ஏனென்றால் சட்டம் அப்படி, ஒரு கோழியைத் தொட்ட கை இன்னொரு கோழிக்குக் காலன். கொண்டை கறுத்திருக்கிறதா, கண் பாதி மூடியிருக்கிறதா, மூச்சு வாயால் வாங்குகிறதா, எச்சம் என்ன நிறம், கால் ஒன்று பின்னுகிறதா. பார்த்துவிட்டுச் சொல்வேன். “அறுத்திருங்க” என்று சொன்னால் அறுப்பார்கள். “விடுங்க, இது வெயில் சோர்வு, வெங்காயம் நறுக்கிப் போடுங்க” என்றால் விடுவார்கள். எட்டுக் கோழிகளுக்குச் சொன்னேன், எட்டும் சரியாக இருந்தது. அறுக்கச் சொன்னதை அறுக்காமல் பார்த்த ஒரு வீட்டில் மறுநாளே அது கழுத்தைத் திருகிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. யாரும் ஊர் மாற்றவில்லை, யாரும் ஓடையில் வீசவில்லை. மேலத் தெருக்களில் கூடைகள் காலியானபோது எங்கள் தெருவில் முக்கால்வாசிக் கோழிகள் நின்றன. இதை இன்றும் நான் தலை நிமிர்ந்துதான் எழுதுகிறேன்.

ஒன்பதாவது, வெள்ளச்சி.

ஒரு திங்கட்கிழமை வெள்ளச்சி முனிக்காவின் அடுப்புச் சாம்பல் குழியில் உட்கார்ந்துவிட்டாள். தீனி எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடம் போகுமுன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். சிறகு தொங்கியது. எச்சம் வெள்ளையும் பச்சையும். கழுத்துச் சாய்ந்திருந்தது. கழுத்து பழைய சாய்வுதான் என்று முனிக்கா சொன்னாள், போன வருஷம் கழிச்சலிலேயே பிழைத்தவளுக்கு மறுபடி வருமா என்றும் கேட்டாள். பதினோரு வயதில் எனக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. வரும் என்றேன். மணி அடிக்க நேரமாகிவிட்டது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னேன். “அறுத்திருங்க முனிக்கா.”

சாயங்காலம் வந்தபோது அவர்கள் வீட்டுப் பின்பக்கம் வேப்பமரத்தடியில் புது மண் மேடாக இருந்தது, மேலே சுண்ணாம்பு. அன்று மட்டும் முனிக்காவின் வாசலிலிருந்து ‘டொக்கு டொக்கு’ கேட்கவில்லை.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை செவலை குந்தினாள்.

தெருமுனைக்கு ஓடி வரவில்லை, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் புளிநார்க் குவியலுக்குப் பக்கத்தில், மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, உருண்டையாக உட்கார்ந்திருந்தாள். கேழ்வரகைக் கையில் வைத்து நீட்டினேன். ஒன்றைக் கொத்தினாள், விழுங்கமுடியாமல் தலையை ஆட்டினாள், கீழே போட்டாள். செவ்வாய்க்கிழமை எச்சம் பச்சையும் வெள்ளையும். சிறகு தொங்கியது. நான் பள்ளிக்கூடம் போகவில்லை, வயிற்றுவலி என்றேன். தெருவில் ஆளாளுக்கு வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள், யாரும் எங்கள் வாசலைப் பார்க்கவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டம் எழுதியவள் வீட்டிலேயே இரண்டாம் நாள்.

பத்து மணி சுமாருக்கு முனிக்கா வந்தாள். கையில் அரிவாள்மணை. சண்டைக்கு வரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சண்டைக்கு வந்திருந்தால் எனக்குப் பேசத் தெரியும். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மணையைக் கீழே வைத்து, ஒரு புளியை எடுத்து நாரை உருவிக்கொண்டே கேட்டாள்:

“என்ன டாக்டரம்மா, ரெண்டு நாளு ஆயிருச்சுல்ல?”

நான் சட்டம் எல்லாவற்றையும் மறந்துபோய்ச் செவலையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். இதுக்கு ஊசி போட்டிருக்குது, இதுக்குக் கழிச்சல் வராது என்றேன்.

முனிக்கா நாரைக் குவியலில் போட்டாள். “வெள்ளச்சிக்கும் அதே ஊசிதானே போட்டாங்க.”

அம்மா சுத்தியைக் கீழே வைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பதில் வரவில்லை, அந்த இடத்தில் எதையாவது பிடித்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது, கையில் இருந்தது செவலைதான், அவளை இறுக்கிப் பிடித்தேன். அப்போதுதான் கைக்குத் தட்டுப்பட்டது. கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்குகிற இடத்தில், தீனி முதலில் போய்த் தங்குகிற பையில், கல். எலுமிச்சம்பழம் அளவுக்கு, அழுத்தினால் அமுங்காமல், ஓரத்தில் மட்டும் மாவு போல நசுங்கியது. ‘தீனிப்பை’ என்போம் அதை. காலையில் எழுந்த கோழிக்கு அது காலியாக, தொட்டால் தோல்தான் தட்டுப்படவேண்டும். இரண்டு நாள் தீனி எடுக்காத கோழிக்கு எப்படி அது நிரம்பியிருக்கும்? அலகைப் பிரித்தேன். மோந்து பார்த்தேன். தெருவே புளித்துக் கிடந்த அந்த மாதத்தில், அந்தப் புளிப்பு வேறு. உள்ளேயிருந்து வந்தது.

“இது கழிச்சல் இல்ல,” என்றேன். “தீனிப்பை கட்டிக்கிச்சு. கைய வெச்சிப் பாருங்க முனிக்கா.”

அவள் உடனே கை வைக்கவில்லை. செவலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, ரொம்ப மெதுவாக, என்னிடம் சொன்னாள்: “என் வெள்ளச்சிய நீ தொட்டே பாக்கலியே கண்ணு.”

அவ்வளவுதான் சொன்னாள். அதன் பிறகு கை வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினாள்.

நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, ஒரு சங்கு அளவு வாயில் விட்டு, தீனிப்பையைக் கீழிருந்து மேலாக நீவிவிட்டோம். இளகினால் தலையைக் கொஞ்ச நேரம் கீழே சாய்த்தால் வெளியே வந்துவிடும். இளகவில்லை, புளித்த தண்ணிதான் கொஞ்சம் வந்தது. மத்தியானம் இன்னொரு தடவை. சாயங்காலம் இன்னொரு தடவை. உள்ளே இருந்தது இறுகியதே தவிர இளகவில்லை. பசியால் சாகும் கோழிக்கும் எச்சம் பச்சையாகத்தான் போகும், வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது பித்தம் மட்டும் இறங்கும். இது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் அன்றைக்கே ஒன்று தெரிந்தது: அவள் சீக்கால் சாகவில்லை, தீனி கீழே இறங்காமல் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் ஒரு நாளுக்கு மேல் இல்லை.

புதன்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் மலைக்கிராமத்தில் மாடு பார்க்கப் போயிருந்தார், வர ரெண்டு நாள் ஆகும் என்றார்கள். திரும்பி வந்தபோது எங்கள் வாசலில் ஒரு சட்டியில் தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது, அதற்குள் அம்மாவின் ஊசி, நூல், பாதி பிளேடு. முனிக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறுத்துத்தான் எடுக்கணும், எங்க ஊர்ல எங்கம்மா ஒரு தடவை எடுத்திருக்குது, நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன் என்றாள். அப்படியென்றால் நீங்களே அறுங்க முனிக்கா என்று பிளேடை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை.

“அன்னிக்கி நீ பாத்துச் சொன்ன, நான் அறுத்தேன். இன்னிக்கி நான் புடிக்கிறேன், நீ அறு.”

அம்மா சட்டியிலிருந்து ஊசியை எடுத்து நூல் கோத்தாள்.

முனிக்கா செவலையை மல்லாத்தி மடியில் போட்டு, கால் இரண்டையும் ஒரு கையிலும் தலையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டாள், தலைமேல் ஒரு ஈரத்துணியைப் போட்டாள். இருட்டானதும் செவலை அடங்கிவிட்டாள். நான் நெஞ்சுக்கு மேல் மயிரைப் பிடுங்கினேன், மஞ்சள் கரைத்த சுடுதண்ணியால் துடைத்தேன். தோல் வெங்காயச் சருகு போல அவ்வளவு மெல்லிசு, அதற்குள் சிவப்பு நூல்கள் ஓடின. நூல் ஓடாத இடமாகப் பார் என்றாள் முனிக்கா. பிளேடை வைத்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும், ஆனால் நடுங்கவில்லை. நான் பயப்பட்டதெல்லாம் வெள்ளச்சியைப் பற்றித்தான், செவலையை நான் பிழைக்கவைப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் தோல், ஒரு விரற்கடை நீளம். அதற்கு அடியில் பை, அதைவிடக் கொஞ்சம் சின்னதாக. ரத்தம் நினைத்ததைவிடக் குறைவு, நாற்றம் நினைத்ததைவிட அதிகம். விரலை உள்ளே விட்டு இழுத்தேன். வந்தது, வந்துகொண்டே இருந்தது, முடிச்சும் சிக்குமாக, ஈரமான கயிறு போல. புளிநார். தட்டி ஒதுக்கிய நாரில் ஒட்டியிருந்த இனிப்புச் சதைக்கு ஆசைப்பட்டுக் கொத்திக் கொத்தி, நாரோடு விழுங்கி, அது உள்ளே உருண்டு திரண்டு, கேழ்வரகையும் சுற்றிக்கொண்டு, பையின் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பையை உப்புத்தண்ணியால் கழுவினோம். அம்மா தைத்தாள். உள்பையைத் தனியாக நாலு தையல், மேல்தோலைத் தனியாக ஐந்து தையல். இரண்டையும் சேர்த்துத் தைத்தால் ஒட்டிக்கொள்ளும், பை சுருங்கி விரிய வழியிருக்காது என்று முனிக்கா சொன்னாள். மேலே மஞ்சளையும் எண்ணெயையும் குழைத்துப் பூசினோம். ஒரு நாள் முழுக்கத் தண்ணி மட்டும். இரண்டாம் நாள் கஞ்சித் தெளிவு. மூன்றாம் நாள் குழைந்த சோறு, என் விரல் நுனியில் வைத்து. நாலாம் நாள் விடியலில் அவள் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தேன். காலியாக, வெறும் தோலாக இருந்தது. இரவெல்லாம் தீனி கீழே இறங்கியிருந்தது. ஒரு கோழியின் காலிப் பையைத் தொட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் எங்கள் தாலுகாவில் அன்று நான் ஒருத்திதான்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். தெரு அப்படித்தான் முடித்துக்கொண்டது. டாக்டரம்மா கோழிக்கே ஆபரேஷன் செய்துவிட்டாள் என்று சந்தை வரைக்கும் பேச்சு. நான் மட்டும் முடிக்கவில்லை. முனிக்காவின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு மேடு இருந்தது. வெள்ளச்சியும் எங்கள் வாசலில்தான் மேய்ந்தாள், இதே நார்க் குவியலில்தான் கிளறினாள். கழிச்சலாகவும் இருந்திருக்கலாம். தெருவில் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை, முனிக்கா உட்பட.

சனிக்கிழமை மத்தியானம், முனிக்கா மண்டிக்குப் புளி கொடுக்கப் போயிருந்த நேரம், களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்த் தோண்டினேன். புதைத்ததைத் தோண்டக்கூடாது, அது நானே போட்ட சட்டம், டாக்டர் கேட்டால் அடித்திருப்பார். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தோண்டினேன். சுண்ணாம்பு, மயிர், அதற்கடியில் மற்றதெல்லாம் மண்ணாகத் தொடங்கியிருந்தது. ஒன்று மட்டும் ஆகவில்லை. புளிநார் அவ்வளவு சீக்கிரம் மக்காது.

குழியை மறுபடி மூடினேன். வாய்க்காலில் அரை மணி நேரம் சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்தேன். அந்த உருண்டையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, முனிக்கா திரும்பி வரும் வரைக்கும் அவள் வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஓடிவிடலாம் என்று ஒவ்வொரு நிமிஷமும் தோன்றியது. எனக்கும் வேப்பமரத்துக்கும் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் சொல்லாவிட்டால் முனிக்காவுக்கும் தெரியாது. அவள் வந்தாள், காலிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு. காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். வெள்ளச்சிது என்றேன்.

அவள் அதை விரலால் புரட்டிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். சாக்கை மடித்துக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

“எனக்கு அன்னிக்கே தெரியும்,” என்றாள். “அறுக்கும்போது கைல தட்டுப்பட்டுச்சு. நீ சொல்லிட்டியேன்னு அறுத்தேன்.”

முப்பது வயதுப் பொம்பளை, கோழிகளோடே வளர்ந்தவள், தன் கை சொன்னதை விட்டுவிட்டு, பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு வேலிக்கு அப்பால் நின்ற ஒரு பதினோரு வயதுப் பெண்ணின் வாய் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். எட்டுத் தடவை சரியாகச் சொன்ன வாய் அது. அழுதேன். அவள் கொஞ்ச நேரம் அழவிட்டாள், பிறகு முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, “கீழ்க்கோடி வூட்ல ஒரு சேவல் குந்தியிருக்குதாம், போயி பாரு செலினு. கிட்டப் போயி பாரு. கையத்தான் கழுவிக்கலாமே,” என்றாள்.

அன்றிலிருந்து அவள் என்னை டாக்டரம்மா என்று கூப்பிடவில்லை, செலின் என்றுதான் கூப்பிட்டாள். செவலையின் முதல் அடையில் ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. வெள்ளையாக இருந்த மூன்றையும் கூடையோடு வேலிக்கு அந்தப் பக்கம் வைத்தேன். அவள் கூடையை உள்ளே எடுத்துப் போனாள். புளிநாரை அதன் பிறகு யாரும் வாசலில் குவிக்கவில்லை, அடுப்புக்குப் போனது. கீழ்க்கோடிச் சேவலுக்கு நிஜமாகவே கழிச்சல்தான். தொட்டு, மோந்து, பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

இப்போது அந்தத் தெருவில் ‘டொக்கு டொக்கு’ இல்லை. மண்டி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது, குச்சி ஐஸ் பெட்டிகளின் சத்தம் போய்விட்டது, ரோட்டை அகலப்படுத்தியபோது சாலையோரப் புளியமரங்கள் வரிசையாகப் போயின, முனிக்கா போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்காக நான் பெருமூச்சு விடவில்லை. ஊசி இப்போது சுலபமாகக் கிடைக்கிறது, கோழிகளை யாரும் ஊர் மாற்றுவதில்லை, அத்தைகள் கோபித்துக்கொள்வதில்லை. போனவற்றில் நான் தேடுவது ஒன்றே ஒன்றைத்தான், தொட்டுப் பார்க்கும் கையை. போன மாதம் தருமபுரியிலிருந்து என் தம்பி மகள் போன் செய்தாள், மொட்டை மாடியில் நாலு கோழி வளர்க்கிறாள். ஒன்று குந்திவிட்டதாம். பேசுவதற்கு முன்னாலேயே ஆறு படங்களும் ஒரு வீடியோவும் அனுப்பிவிட்டிருந்தாள், எச்சத்தைக்கூடக் கிட்டத்தில் வைத்து எடுத்திருந்தாள், பச்சையும் வெள்ளையும். “கழிச்சல்தானே அத்தை? பாத்துச் சொல்லுங்க, சொல்றபடி செஞ்சிடறேன்,” என்றாள்.

படங்கள் நன்றாகத்தான் இருந்தன. மூன்றடி தள்ளி நின்று எடுத்தவை.

போனைக் கீழே வைத்துவிட்டுக் கோழியைக் கையில் எடு என்றேன். தயங்கினாள். கையத்தான் கழுவிக்கலாமே என்றேன். போன் தரையில் உட்கார்ந்த சத்தம், பிறகு சிறகடிப்பு. என் விரல்கள் தானாக மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தன, கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்குகிற அந்த இடத்தைத் தேடுவது போல. அவள் கை என்ன சொல்கிறதோ அதை அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.